வரிசையில் கடைசி ஆள்

"கொம்பனி வங்குரோத்து" எண்டு முதலாளி சொன்னால் கதை முடிஞ்சுது என்றுதான் எங்கட பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். மழை பெய்ததால் மெட்ச் இல்லை என்பது மாதிரி. யாரிலும் பிழை இல்லை, யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம். 2022க்குப் பிறகு சீனன்குடாவிலும் வெள்ளைமணல், நாச்சிக்குடா, கப்பல்துறைப் பக்கங்களிலும் இந்த வசனத்தை நாங்கள் பல வாய்களில் கேட்டுவிட்டோம். சொல்கிறவர்களும் பெருமூச்சோடு சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் பெருமூச்சோடு கேட்கிறார்கள்.

ஆனால் வங்குரோத்து என்பது கணக்கின் முடிவு இல்லை. கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. இருக்கிற காசு எல்லாருக்கும் காணாது என்று தெரிந்த பிறகுதான் "யாருக்கு முதலில்?" என்ற கேள்வி வருகிறது. வங்கி, லீசிங், இறைவரி, மின்சாரசபை, சாமான் குடுத்த கடைக்காரர், வேலை செய்த ஆள் என்று எல்லாரும் ஒரு வரிசையில் வந்து நிற்கிறார்கள். அந்த வரிசையில், வேலை போனதற்காகக் கிடைக்கவேண்டிய நட்டஈடு எங்கே நிற்கிறது என்பதுதான் எங்கட கேள்வி.

சீனன்குடாவுக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. இந்த ஊர் வேலைக்காக உண்டான ஊர். பிரித்தானியர் கட்டின எண்ணெய்த் தாங்கிகள், விமானத்தளம், அந்தப் பக்கம் கடற்படைத் தளம் என்று எல்லாவற்றுக்கும் கைகள் தேவைப்பட்டன. 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கைமாறியது. பாடப்புத்தகத்தில் அது இறைமையின் கதை, அதில் எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் துறைமுகத்தில் வேலை செய்த தொழிலாளர் பலருக்கு அது வேலை போன கதை. அப்படி வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரில் ஏறக்குறைய நானூறு பேரை வேறு இடத்தில் காணி குடுத்துக் குடியேற்ற அரசாங்கம் யோசித்தது. அந்த யோசனைக்கு எழுந்த எதிர்ப்பும் 1958 கலவரத்துக்கு முந்திய பதற்றங்களில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. வேலை போன மனிதனுக்கு என்ன குடுப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் அது எங்கெங்கே போய் வெடிக்கும் என்பதை எங்கட ஊர் அப்போதே பார்த்துவிட்டது.

பிறகு 1980களில் பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும் வந்தன. பெரிய ஆலைகள் இருக்கிற இடத்தில் சின்னத் தொழில்களும் முளைக்கும்: லொறி ஓட்டுகிற கொந்தராத்துக்காரர், வெல்டிங் பட்டறை, டயர் கடை, ஆட்களை அனுப்புகிற 'மேன்பவர்' காரர். எங்கட அப்பாக்களிலும் மாமாக்களிலும் கனபேர் அந்தச் சின்ன இடங்களில்தான் வேலை செய்தார்கள். பெரிய கேற்றுக்கு உள்ளே இருப்பவருக்கு அடையாள அட்டையும் சங்கமும் இருக்கும். வெளியே பட்டறையில் இருப்பவருக்கு முதலாளியின் நல்ல மனசுதான் சங்கம்.

எங்களில் ஒருத்தியின் அப்பாவை நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அப்படியான ஒரு பட்டறையில் 17 வருடம் வெல்டர். அங்கே மொத்தம் 22 பேர். மாதச் சம்பளம் 45,000 ரூபா. 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன, லொறி நின்றதால் திருத்தவேலை நின்றது. அந்த வருடம் நவம்பரில் பட்டறையின் கேற்றுக்குப் பூட்டு விழுந்தது. "நிலைமை சரிவந்த உடன கூப்பிடுறன்" என்று முதலாளி எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. சாமான் தட்டுப்பாடான மாதங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி மூட்டை அனுப்பினவர். அவருக்கு வரவேண்டிய காசும் வேறு இடங்களில் நின்றுபோய்த்தான் இருந்தது. அதனாலேயே யாரும் தொழில் திணைக்களத்துக்குப் போகவில்லை. "அரிசி தந்த மனுசனுக்கு மேல போய் பெட்டிசம் எழுதுறதா?" என்று மாமா கேட்டார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரிசி மூட்டை வேறு, நட்டஈடு வேறு. ஒன்று அன்பு. மற்றது கடன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூல சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். தொழிலை மூடுவதாக இருந்தாலும் நட்டஈட்டுக் கேள்வியில் இருந்து முதலாளி தப்ப முடியாது. எவ்வளவு நட்டஈடு என்பதற்கு 2005இல் ஒரு சூத்திரம் வர்த்தமானியில் வந்தது. முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை, வருடத்துக்கு இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். பிறகு ஒரு மாதம், அரை மாதம் என்று குறைந்துகொண்டு போய், மொத்தம் 48 மாதச் சம்பளத்தைத் தாண்டாது. ரூபாக் கணக்கிலும் ஒரு உச்சவரம்பு உண்டு: முதலில் 12.5 இலட்சம், 2021இல் 25 இலட்சமாக்கினார்கள்.

மாமாவின் கணக்கை நாங்கள் ஒரு பின்னேரம் கொப்பியில் போட்டுப் பார்த்தோம். முதல் ஐந்து வருடம் 12.5 மாதம். அடுத்த ஒன்பது வருடம் 18 மாதம். மிச்சம் மூன்று வருடம் 4.5 மாதம். மொத்தம் 35 மாதச் சம்பளம், அதாவது 15,75,000 ரூபா. இதற்குப் புறம்பாக 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்: 3,82,500 ரூபா. அதையும் வேலை முடிந்து 30 நாளுக்குள் குடுக்க வேண்டும். கொப்பியைப் பார்த்த மாமா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு காசு எனக்கு ஆர் தரவேணும்?" என்று கேட்டார். தன்னிடம் இவ்வளவு பெரிய தொகை ஒருத்தர் கடன்பட்டிருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு விசயம் விளங்கியது. மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரும் முதலாளிக்கு ஒரு மாதம் கடன் குடுக்கிறார். பணிக்கொடையும் நட்டஈடும் அதைவிட நீளமான கடன்கள். மாமா 17 வருடமாக அந்தப் பட்டறைக்குக் கடன் குடுத்து வந்திருக்கிறார். வட்டி இல்லை, ஈடு இல்லை, கையெழுத்து இல்லை. அந்தப் பட்டறைக்கு இவ்வளவு நம்பிக்கையோடு வேறு யாரும் கடன் குடுக்கவில்லை.

வேலை போனதை எதிர்த்து முறையிட ஆறு மாதம்தான் அவகாசம். எங்கட தோழி அதைக் கண்டுபிடித்தபோது ஐந்து மாதம் முடிந்திருந்தது. மாமாவையும் இன்னும் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனாள். மற்ற பன்னிரண்டு பேரும் வரவில்லை. சிலர் ஏற்கெனவே கட்டாருக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். சிலர் "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதின கடதாசியில் 25,000 ரூபாவுக்குக் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

விசாரணையில்தான் அந்த வரிசை எங்கட கண்ணுக்குத் தெரிந்தது. பட்டறைக் காணி வங்கியில் ஈடு. இரண்டு லொறியும் லீசிங்கில். லேத்தும் வெல்டிங் பிளான்ட்டும் ஒரு இரவில் பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறி, கைமாற்று வட்டிக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது தகரக்கூரையும் பெயர்ப்பலகையும். மாமாவின் சம்பளத்தில் மாதாமாதம் சேமலாப நிதிக்கென்று வெட்டின 8 வீதமும் கடைசி 14 மாதமாகக் கட்டப்படவில்லை. அவருடைய சொந்தச் சம்பளத்தில் இருந்து எடுத்த காசு மட்டும் 50,400 ரூபா. முதலாளியின் 12 வீதம் அதற்கு மேல்.

ஒரு கொம்பனியை முறைப்படி கலைத்தால் என்ன நடக்கவேண்டும் என்பதை 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம் சொல்கிறது. கலைப்பாளரின் செலவுகள் போன பிறகு முன்னுரிமைக் கடன்கள். அந்தப் பட்டியலில் வரிகள் இருக்கின்றன. தொழிலாளருக்குச் சட்டப்படி சேரவேண்டிய தொகைகள், சேமலாப நிதி, பணிக்கொடை, குறிப்பிட்ட கால நிலுவைச் சம்பளம் என்பனவும் இருக்கின்றன. வாசிக்க நல்லாயிருக்கும். ஆனால் காணியை ஈடு பிடித்திருக்கிற வங்கி இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. ஊரில் 'பராட்டே' என்று சொல்வது இதைத்தான். லீசிங் லொறி ஆரம்பத்திலிருந்தே லீசிங் கொம்பனியின் சொத்து. இந்த இரண்டும் போனால், முன்னுரிமைப் பட்டியலில் முதலாவதாக நின்றாலும் வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. வெறும் பானைக்கு முன்னால் முதலாவதாக நிற்பதால் சோறு வராது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கட பக்கத்தில் வங்குரோத்தாகிற தொழில்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்துக்கே போவதில்லை. கலைப்பாளர் இல்லை, பட்டியல் இல்லை, அறிவித்தல் இல்லை. கேற்றில் ஒரு பூட்டு மட்டும்தான். முதலாளி தனி ஆளாகத் தொழில் செய்தவராக இருந்தால் அவருக்குப் பொருந்துகிற நொடிப்புச் சட்டம் 1853ஆம் ஆண்டுக்குரியது. இங்கே றெயில் ஓடுவதற்கு முந்தைய சட்டம். சட்டப்படியான வரிசை இல்லாத இடத்தில் இன்னொரு வரிசை தானாக உண்டாகும்: வண்டி கொண்டுவந்தவன் முதல், சத்தம் போடுகிறவன் இரண்டாவது, தெரிந்த அரசியல்வாதி உள்ளவன் மூன்றாவது. அரிசி மூட்டைக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டில் இருந்தவன் கடைசி.

இதுவரை முதலாளி வங்குரோத்தான கதை. அதே கதை கொஞ்ச நாளில் மாமா வீட்டுக்குள்ளேயும் வந்தது. சம்பளம் நின்ற வீட்டில் கடன்கள் நிற்காது. பக்கத்து ஓட்டத்துக்கென்று எடுத்த ஓட்டோவின் லீசிங், மாமியின் நகை அடகு, பெண்கள் குழுவில் எடுத்த கடன், முடக்குக் கடைக் கொப்பி, மாமியின் அக்கா கடதாசி ஒன்றும் எழுதாமல் தந்த 80,000. பணிக்கொடையின் முதல் தவணை வரப்போகிறது என்று தெரிந்த அன்று மாமி ஒரு பட்டியல் போட்டா. முதல் லீசிங். இரண்டாவது குழுக்கடன், ஏனென்றால் அவ கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்டவேண்டும். மூன்றாவது நகை வட்டி. அதற்குப் பிறகுதான் கடைக் கொப்பி. கடைசியில் அக்கா.

ஏன் இப்படி என்று கேட்டோம். "கடைக்காரரும் அக்காவும் பொறுப்பாங்க. லீசிங்காரன் பொறுக்கமாட்டான், ஓட்டோவைத் தூக்கிருவான்" என்றா.

கடன் சட்டத்தைப் பற்றி நாங்கள் எத்தனையோ பக்கம் வாசித்துவிட்டோம். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு பொருளைப் பிடித்திருக்கிறவர் முதல். நம்பித் தந்தவர் கடைசி. பட்டறையில் மாமா எந்த இடத்தில் நிற்கிறாரோ, மாமியின் பட்டியலில் அக்கா அதே இடத்தில் நிற்கிறா. வித்தியாசம் ஒன்றுதான். மாமி அந்தக் கடைசிப் பெயரையும் எழுதி வைத்தா. பட்டறைக் கணக்கில் மாமாவின் பெயரே இல்லை.

வேலை போனதுக்குக் கிடைக்கிற காசைக் கடன்காரர் வந்து தூக்கலாமா என்ற கேள்விக்கும் சட்டம் பாதி பதில்தான் சொல்கிறது. சேமலாப நிதிக் கணக்கில் இருக்கிற காசைக் கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது. 1889இல் வந்த குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையிலும் நீதிமன்றம் கைவைக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது: உடுதுணி, படுக்கை, தொழில் செய்கிற ஆயுதங்கள், தொழிலாளரின் கூலி. மாமாவின் வெல்டிங் கண்ணாடியை யாரும் எடுக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் எழுதின காலத்தில் வேலைநீக்க நட்டஈடு என்ற ஒன்றே சட்டத்தில் இருக்கவில்லை. அது வந்தது 82 வருடம் கழித்து. நடைமுறையில் பார்த்தால், நட்டஈடோ பணிக்கொடையோ சேமிப்புக் கணக்கில் விழுந்த அடுத்த நிமிடம் அது வெறும் காசு. 17 வருடத்தின் கூலி என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. அதே வங்கியில் கடன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். லீசிங்காரர் நீதிமன்றம் வரைக்கும் வருவதே இல்லை, சீஸ் பண்ணுகிற பொடியங்களை அனுப்புகிறார்கள். அதனால் சட்டம் தருகிற பாதுகாப்பு, சட்டத்தைப் பாவிக்கிற கடன்காரருக்கு எதிராக மட்டும்தான் வேலை செய்கிறது.

இப்போது மூன்றாவது வங்குரோத்து. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பட்டறை முதலாளியின் வசனத்தை அரசாங்கம் சொன்னது, அவ்வளவுதான். அங்கேயும் வரிசை வந்தது. 2023 ஜூலை முதலாம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றம் சம்மதித்தது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் அதற்குள் வரவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றை அசைத்தால் வைப்பாளர்களின் காசு ஆபத்தில் விழும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நாங்கள் தூக்கியெறியவில்லை. எங்கட அம்மாக்களின் காசும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் சுமை போய் விழுந்த இடம் ஓய்வுகால நிதியங்கள். அதில் பெரியது ஊழியர் சேமலாப நிதி. பழைய முறிகளைத் தந்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் தருகிற புது முறிகளை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நிதியத்தின் முறி வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி. இதற்குப் பெயர் விருப்பத் தெரிவு. 25,000 ரூபாவுக்கு நீட்டின விலகல் கடதாசியும் விருப்பத் தெரிவுதான்.

2022 செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடத்துக்கு சேமலாப நிதி குடுத்த வட்டி 9 வீதம். அதாவது மறுசீரமைப்புக்கு முன்னமே அந்தக் காசு உருகிவிட்டது, பிறகு திரும்பவும் வெட்டினார்கள். மாமா போன்றவர்களுக்கு நட்டஈடு வராவிட்டால் மிச்சம் இருக்கிற ஒரே துணை சேமலாப நிதிதான். முதலாளி வங்குரோத்தானால் தாங்குவதற்காக வைத்த வலையை, அரசு வங்குரோத்தானதும் எடுத்துத் தன் ஓட்டையை அடைத்தது. மாமியின் வசனத்தை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். தொழிலாளர் பொறுப்பார்கள்.

இது எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று இல்லை. பிரித்தானியாவில் வேலைநீக்கக் கொடுப்பனவு 1965இல் சட்டமானது. அங்கேயும் கொம்பனி வங்குரோத்தானால் அந்தக் கொடுப்பனவு முன்னுரிமைக் கடன் கூட இல்லை, சாதாரணக் கடன்தான். நிலுவைச் சம்பளத்துக்கு இருக்கிற முன்னுரிமையும் 800 பவுணோடு நிற்கிறது. ஆனால் தொழிலாளி அந்த வரிசையில் போய் நிற்கத் தேவையில்லை. இரண்டு வருடம் வேலை செய்திருந்தால் சட்டப்படியான தொகையை தேசிய காப்புறுதி நிதியத்தில் இருந்து அரசு குடுத்துவிடும். பிறகு அவருடைய இடத்தில் அரசு போய் வரிசையில் நின்று கொம்பனியிடம் கேட்கும். காத்திருக்கக் கூடியவர் காத்திருக்கிறார். நாளைக்கு அரிசி வாங்கவேண்டியவருக்கு இன்றைக்குக் காசு.

இந்தியா வேறு வழியால் போனது. 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தில் தொழிலாளரின் கடைசி 24 மாத நிலுவை, ஈடு பிடித்த கடன்காரரோடு சமமான தட்டில் நிற்கிறது. சேமநிதியும் பணிக்கொடை நிதியும் கலைப்பாளர் பங்கிடுகிற சொத்துக்குள் வரவே வராது. ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பை நிறுத்தியது. அதன் ஊழியர்களுக்கு சேமநிதியும் பணிக்கொடையும் கட்டவேண்டும் என்ற தீர்ப்பாய உத்தரவில் தலையிட 2023 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் 2024 நவம்பரில் அந்த விமானக் கொம்பனியையே கலைக்கச் சொல்லிவிட்டார்கள். வரிசையில் நல்ல இடம் தருவது ஒரு வழி, தனியாக ஒரு நிதியம் வைப்பது இன்னொரு வழி. முதலாவது மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஜெட் நல்ல உதாரணம். சர்வதேச தொழில் அமைப்பின் 1992ஆம் ஆண்டு சமவாயமும் இந்த இரண்டு வழிகளைத்தான் சொல்கிறது.

எங்கட நாட்டில் முதலாளிமார் ஒவ்வொரு மாதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுகிறார்கள். அந்த மாதிரி சிறிய அளவில் மாதாமாதம் சேர்த்து, பூட்டு விழுகிற அன்று நட்டஈட்டின் ஒரு பகுதியையாவது குடுக்கிற ஒரு நிதியம் ஏன் இருக்கக்கூடாது? நல்ல முதலாளிக்கும் இது நல்லது. 22 பேரின் நட்டஈட்டை ஒரே நாளில் தேட எந்தப் பட்டறையாலும் முடியாது. 17 வருடத்தில் முடியும். ஓட்டோவுக்குக் காப்புறுதி இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாத நாட்டில், 22 பேரின் சீவியத்தை எந்தக் காப்புறுதியும் இல்லாமல் நடத்தலாம் என்பது என்ன நியாயம்? அப்படி ஒரு நிதியம் வந்தால் அடுத்த வங்குரோத்தில் திறைசேரி அதில் கைவைக்க முடியாதபடி எழுதவேண்டும். 2023 எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் அது.

நிதியம் வரும்வரைக்கும் நாங்கள் சும்மா இருக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன வேலை செய்கிறோம். வேலைக்குப் போகிற எங்கட வயதுக்காரர், அவர்களின் அப்பா அம்மாவின் கடதாசிகளை எடுத்துப் பார்க்கிறோம். நியமனக் கடிதம் இருக்கிறதா? இல்லாவிட்டால் சம்பளத் துண்டு, வரவுப் பதிவின் படம், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்குப் புத்தகம், எதுவும் சாட்சிதான். சேமலாப நிதிக் கணக்கில் கடைசியாக எந்த மாதம் காசு விழுந்தது? இரண்டு மாதம் விழாவிட்டால் அது மணியடிக்கிற சத்தம். பட்டறை படுக்கப்போகிறது என்று முதலாளி சொல்வதற்கு முன்னம் அந்தக் கணக்கு சொல்லிவிடும். அந்த நேரத்தில் முறையிட்டால் சொத்து இன்னும் கேற்றுக்கு உள்ளே இருக்கும்.

"சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்ற கடதாசியில் அவசரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வேலை நின்ற திகதியைக் கலண்டரில் குறித்து ஆறு மாதத்தை எண்ணுங்கள். 15 பேருக்குக் குறைந்த இடம் என்றால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்காது, ஆனால் தொழில் நியாய சபையின் கதவு திறந்திருக்கிறது. அங்கேயும் அதே ஆறு மாதம்தான். தனியாகப் போகாமல் எல்லாருமாகப் போங்கள். முதலாளி நல்லவராக இருந்தாலும் போங்கள். நல்லவருக்கும் மற்றக் கடன்காரர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் கடதாசியோடு வந்திருப்பார்கள். நீங்கள் போய் உங்கட பெயரை எழுதுவிக்காவிட்டால், குடுக்க மனம் உள்ளவருக்குக்கூட உங்களுக்குக் குடுக்க வழி இருக்காது.

மாமாவுக்குப் பணிக்கொடை நீதவான் நீதிமன்றம் வழியாகத் தவணை தவணையாக வந்தது. சேமலாப நிதி நிலுவையில் பாதி வந்திருக்கிறது. 15,75,000 ரூபாவுக்கு உத்தரவு இருக்கிறது, காசு இல்லை. அந்த உத்தரவை மாமி லமினேற் பண்ணி அலுமாரியில் வைத்திருக்கிறா. அதற்குப் பெறுமதி இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். 17 வருடம் கழித்து, மாமாவுக்கு ஒருத்தர் கடன்பட்டிருக்கிறார் என்று அரசாங்கத்தின் கடதாசி ஒன்று முதல்தடவையாகச் சொல்கிறது. அதைக் காசாக்குகிற வழியை எழுதவேண்டியது பாராளுமன்றம். அதை எழுதச் சொல்லிக் கேட்கவேண்டியது, சம்பளத்தை மாதக் கடைசியில் வாங்குகிற நாங்கள் எல்லாரும்.